இன்ஜினை இறக்கி வேலை பார்க்கவா, வேறு இன்ஜின் மாட்டவா?

கேள்வி (புளியரையிலிருந்து ஒரு வாசகர்): அண்ணாச்சிக்கு வணக்கம். என்னிடம் 2009 மாடல் ஆறு சக்கர லாரி இருக்கிறது, டாடா 697 இன்ஜின். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிப் புனலூர், கொல்லம் ஓடுகிறேன். ஆரியங்காவு ஏற்றத்தில் நீலப்புகை தள்ளுகிறது, ஆயில் ஊற்றி மாளவில்லை. மெக்கானிக் இன்ஜினை இறக்கணும், ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார். நாமக்கல் புரோக்கர் ஒருவர், பழைய இன்ஜின் ரெடியாக இருக்கு, ஒரு லட்சம், ரெண்டு நாளில் மாட்டிவிடலாம் என்கிறார். எதைச் செய்ய?

பதில்: தம்பி, ரெண்டு பேருக்கும் இப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கணும். டர்போவிலிருந்து, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகத்திலிருந்து, காற்று போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். லேசான பிசுபிசுப்பு இருப்பது சகஜம்தான், ஆனால் ஆயில் தேங்கியே நின்றால் டர்போ சீல் போயிருக்கலாம், அதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஹோஸ் சுத்தமாக இருந்தால், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை விட்டு விட்டு அடித்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும், பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான லைனரும் தேய்ந்திருக்கிறது, மெக்கானிக் சொன்னது சரி. சூட்டில் ஆயில் பிரஷரும் இறங்குகிறது என்றால் பேரிங்கும் போகிற நிலைமையில் இருக்கிறது.

சரி, இறக்கியே ஆகணும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ரிப்பேரா மாற்றா என்பதை நீங்களும் நானும் சொல்ல முடியாது, கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) பிளாக்கும் (இன்ஜினின் உடம்பு)தான் சொல்லணும். உங்கள் ஆறு சிலிண்டர் இன்ஜின் நம் ஊரில் எல்லா லேத்துக்காரருக்கும் பழக்கமானது, லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். லைனர் மேல்பக்கம், டாப் ரிங் திரும்புகிற இடத்தில் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு படி தட்டும், அந்தத் தேய்மானம் பயப்படும்படியான சமாச்சாரமே இல்லை, லைனர் மாற்றினால் தீர்ந்தது. கிராங்க் அப்படியில்லை. 10, 20, 30, 40 (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கு) என்று கால் கால் மில்லிமீட்டராகக் குறைத்துக் கிரைண்டிங் செய்வார்கள், கடைசி சைஸையும் தாண்டிவிட்டால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் கிராங்க் இப்போது எந்த சைஸில் இருக்கிறது என்பது பழைய பேரிங்கின் முதுகில் அடித்திருக்கும், அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பைக் கழற்றியதும் அதை நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். கிரைண்டிங் கொடுக்கும்முன் கிராக் டெஸ்ட் கட்டாயம் பண்ணச் சொல்லுங்கள், ஜர்னல், அதாவது கிராங்க்கில் பேரிங் உட்காரும் இடம், அதன் ஓரத்தில் இருக்கும் அந்த வளைவை அப்படியே விடணும், அதைச் சதுரமாக வெட்டிவிட்டால் லோடோடு மலையேறும்போது கிராங்க் அங்கேதான் ஒடியும். பிளாக்கில் வெடிப்பு இல்லை, கிராங்க்கில் இன்னும் சைஸ் பாக்கி இருக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், உங்கள் இன்ஜினையே செய்யுங்கள்.

புரோக்கர் சொல்கிற ஐம்பதாயிரம் லாபம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்த இன்ஜின் எவ்வளவு ஓடியது, ஏன் இறக்கினார்கள், எதுவும் உங்களுக்குத் தெரியாது. பெயின்ட் அடித்துத் துடைத்து வைத்தால் எந்த இன்ஜினும் புதுசாகத்தான் தெரியும், மாட்டி ஆறு மாதத்தில் அதையும் இறக்க வேண்டி வந்தால் உங்களுக்கு இரட்டைச் செலவு. உங்கள் பிளாக் நிஜமாகவே போய்விட்டது என்றால் முதலில் கம்பெனி டீலரிடம் போய், பழையதைக் கொடுத்துவிட்டு ரீகண்டிஷன் இன்ஜின் வாங்கும் புரோலைஃப் திட்டத்தில் உங்கள் மாடலுக்கு உண்டா என்று கேளுங்கள். வாரண்டி என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், 15 வருஷம் தாண்டிய கனரக வண்டிக்கு 2022 ஏப்ரலில் இருந்தே எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) கட்டணம் பலமடங்கு கூடிவிட்டது. பாடியும் சேஸிஸும் இன்னும் சில வருஷம் தாங்கும் என்றால் மட்டும் இவ்வளவு பணத்தைப் போடுங்கள். சேஸிஸ் துருப்பிடித்து ஒட்டுப்போட்டு ஓடுகிறது என்றால் வண்டியையே கொடுத்துவிடுவதுதான் நல்லது, அதைச் சொல்ல எனக்கும் வருத்தம்தான்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர்): கேரளா ரெஜிஸ்ட்ரேஷன் வண்டி. பொள்ளாச்சியில் பழைய இன்ஜின் வாங்கி மாட்டினால் ஆர்சியில் மாற்றணுமா?

பதில்: கண்டிப்பாக மாற்றணும். இன்ஜினை எந்த மாநிலத்தில் வாங்கினாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதியின் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, மாட்டிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியில் புது நம்பரை ஏற்றிவிடுங்கள், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. ஆர்சியில் ஒரு நம்பரும் பிளாக்கில் வேறு நம்பரும் இருந்தால் எஃப்சியில் நிற்கும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் தகராறு வரும். விற்பவரிடம் பில்லும், அந்த இன்ஜின் இருந்த வண்டியின் ஆர்சி நகலும் கேளுங்கள். நம்பரைத் தேய்த்திருந்தாலோ, மேலே புதிதாகப் பஞ்ச் அடித்த மாதிரி இருந்தாலோ விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம், அது திருட்டு வண்டி இன்ஜினாக இருந்தால் போலீஸ் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்தான்.