இந்தியாவுல அதிகம் பேர் எதனால சாகுறாங்க? டெங்குவா, கேன்சரா?

ரெண்டும் இல்லங்க, ஹார்ட்தான். மாரடைப்பு முதல்ல, அதுக்கப்புறம் நாள்பட்ட நுரையீரல் நோய், பக்கவாதம்னு போகுது. 1990ல நூத்துக்கு 38 சாவுதான் இந்த மாதிரி தொத்தாத நோயால, 2016ல அது 62 ஆயிடுச்சு. டெங்கு நியூஸ்ல வர்ற அளவுக்கு சாவு கணக்குல வராது.

ஆனா இந்த நம்பரெல்லாம் எங்கேருந்து வருதுங்கிறதுதான் சுவாரஸ்யம். நம்ம நாட்டுல டாக்டர் காரணம் எழுதி சர்டிஃபிகேட் குடுக்குற சாவு கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணுதான். மீதியில பாதிக்கு மேல வீட்லயேதான் போகுது. எங்க ஊர்ப்பக்கம் எழவு வீட்ல விசாரிச்சா, ராத்திரி நெஞ்சு அடைக்குதுன்னாரு, வாயுவா இருக்கும்னு சோடா வாங்கி குடுத்தோம், விடியறதுக்குள்ள போயிட்டாருன்னு சொல்வாங்க, விஏஓ நோட்டுல அது வயது மூப்புன்னு ஏறிடும், ஆளுக்கு அறுபதுகூட ஆகியிருக்காது.

இதுக்காகவே சென்சஸ் எடுக்குற ரெஜிஸ்ட்ரார் ஜெனரல் ஆபீஸும், கனடாவுல இருக்குற ஆராய்ச்சியாளர் பிரபாத் ஜா டீமும் சேர்ந்து மில்லியன் டெத் ஸ்டடின்னு ஒண்ணு பண்ணாங்க. சாவு நடந்த வீட்டுக்கே போய் வலி எங்க ஆரம்பிச்சுது, வேர்த்துச்சா, மூச்சு வாங்குச்சா, காய்ச்சல் எத்தன நாள் இருந்துச்சுன்னு கேட்டு அந்த ஊர் பாஷையிலேயே எழுதிக்குவாங்க, அத ரெண்டு டாக்டர் தனித்தனியா படிச்சு காரணம் சொல்லணும், ஒத்துவரலன்னா மூணாவதா ஒரு சீனியர் டாக்டர் முடிவு பண்ணுவாரு.

அப்படி கேட்டப்பதான் 2005ல மட்டும் பாம்பு கடிச்சு சுமார் 46,000 பேர் செத்தது தெரிஞ்சுது. வயல்ல கடிச்சு, மந்திரிக்கத் தூக்கிட்டுப் போற வழியிலேயே உயிர் போச்சுன்னா ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர்ல எப்படி பேர் வரும் சொல்லுங்க.

மலேரியாவுலதான் சண்டை வந்துச்சு. WHO வருஷத்துக்கு 15,000ன்னு சொல்லிட்டிருந்தப்ப 2010ல இந்த ஸ்டடிக்காரங்க 2,05,000ன்னாங்க. வீட்டு ஆளுங்க சொல்ற காய்ச்சல வச்சு மலேரியான்னு எப்படி முடிவு பண்ணலாம்னு WHO கேட்டுச்சு, அது நியாயமான கேள்விதான்னு எனக்குத் தோணுது. பாம்பு கடிச்சத யாரும் தப்பா சொல்ல மாட்டாங்க, காய்ச்சல் அப்படி இல்லையே, டைஃபாய்டும் காய்ச்சல்தான்.

ஹார்ட் விஷயத்துல அந்தக் குழப்பம் கம்மி. டாக்டர் எழுதின சர்டிஃபிகேட், வீட்ல போய் விசாரிச்சது ரெண்டுமே அதத்தான் முதல்ல காட்டுது, அதனால அத நம்பலாம். மலேரியா நம்பர யாராவது ஃபார்வர்ட் பண்ணா மட்டும் எந்தக் கணக்குன்னு கேட்டுக்கோங்க.