சிவப்பு அட்டையை மறைக்காதீர்கள்

கேள்வி: என் தாத்தா 1948இல், 14 வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி மலாயாவின் பினாங்கில் வந்திறங்கியவர். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி எங்கள் அப்பாவையும் அத்தைகளையும் படிக்க வைத்தார். அடுத்த மாதம் அவருடைய தலைத்திவசம். அன்று உறவினர்களுக்குக் கொடுக்க, வழக்கறிஞரான நான் ஒரு நினைவு மலர் எழுதுகிறேன். தாத்தா சாகும்வரை சிவப்பு ஐசிதான், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டைதான், வைத்திருந்தார் (பாட்டிக்கும் அதே). அதைப் போட்டால் நம்மைத் தாழ்வாக நினைப்பார்கள் என்று அப்பா தடுக்கிறார். போடலாமா?
– கிள்ளான் வாசகி

பதில்: மகளே, தாத்தாவைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், உயிரோடிருக்கும் பாட்டியை அடைப்புக்குறிக்குள் இரண்டே சொற்களில் அடக்கிவிட்டீர்கள். என் கண் அந்த இரண்டு சொற்களைத் தாண்டிப் போக மறுக்கிறது.

முதலில் அட்டையின் கதையை உங்கள் அப்பாவுக்குச் சொல்லுங்கள். 1957இல் இந்த நாடு சுதந்திரம் பெற்றபோது, அதற்கு முந்தைய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகளாவது இங்கே வாழ்ந்த வயதுவந்தவர்கள் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வழியிருந்தது; முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மலாய்மொழித் தேர்வுகூட இல்லை. உங்கள் தாத்தா வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, மங்கு மங்காகப் பாலெடுத்து, பொழுது சாய லயத்து வீட்டுக்குத் திரும்பிய 23 வயது இளைஞரிடம் அந்தச் செய்தியைப் பொறுப்போடு எடுத்துச் சொன்னவர் யார்? தோட்டத்துக் கணக்கரான கிராணி சொன்னாரா, வேலை வாங்கும் கங்காணி சொன்னாரா? அப்படித் தவறவிட்டவர்கள் எத்தனையோ பேர். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். உங்கள் தாத்தா போகவில்லை. பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியானதைப் பார்த்துக்கொண்டே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே என்பதற்காக அவர் தங்கினார். இதில் தாழ்வு எங்கே இருக்கிறது? அட்டையை முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இனி உங்களைக் கேட்கிறேன். 2018இல், சிவப்பு அட்டை வைத்திருந்த, 60 வயதைக் கடந்த இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. மொழித் தேர்விலிருந்தும் அவர்களுக்கு விலக்கு என்றது. தாத்தாவுக்கு அப்போது 84 வயது. அவர் பெயர் எங்கே நிற்கிறது என்று விசாரிக்க, அவர் படிக்க வைத்த பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் ஒருவராவது தேசியப் பதிவிலாகாவின் படியேறினீர்களா? ஊரார் விண்ணப்பங்களையெல்லாம் பூர்த்தி செய்து கொடுக்கும் வழக்கறிஞர் வீட்டில், ஒரு முதியவர் ஒரு தேர்தலில்கூட வாக்களிக்க முடியாமல் இறந்திருக்கிறார். பெற்றவர்களுக்குச் செய்யவேண்டிய கடன் திவசத்தன்று தொடங்குவதாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை. உயிரோடிருக்கும்போது செய்யாததை எள்ளும் தண்ணீரும் ஈடுகட்டும் என்றும் நான் நம்பவில்லை.

தாத்தாவுக்கு இனி ஒன்றும் செய்ய இயலாது. பாட்டிக்குச் செய்யலாம். என் தாயாரை நான் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போன நாள் நினைவிருக்கிறது. உளி பிடித்தும் ஒட்டுப்பால் பிய்த்தும் தேய்ந்துபோன அவருடைய கட்டைவிரலைக் கைரேகைக் கருவி மூன்று முறை ஏற்க மறுத்தது. முகப்பில் இருந்த பெண் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். அம்மா, தான் ஏதோ தவறு செய்துவிட்டதைப் போல என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை நிற்கவேண்டும் என்பதற்காகவே இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

விண்ணப்பிப்பவர் ஓரளவு மலாய் பேசவேண்டும் என்பது சட்டம். சந்தையில் மீன்காரரிடம் பேரம் பேசும் உங்கள் பாட்டிக்கு அந்த மொழி அந்நியமாக இருக்காது. அதிகாரியின் முன் வாயடைத்துப் போகாமலிருக்கத்தான் பழக்கம் வேண்டும். மாலையில் பேரப்பிள்ளைகள் அவரோடு அரைமணி நேரம் மலாயில் பேசட்டும். பேச்சுவாக்கில், 1969இல் எந்தெந்த வீட்டுக்காரர்கள் போனார்கள், தங்குவது என்று முடிவெடுத்த இரவில் தாத்தா என்ன சொன்னார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அச்சகத்துக்கு மலரை அனுப்பும் தேதியை அதுவரை தள்ளிப் போட்டாலும் பாதகமில்லை.

திங்கட்கிழமை விடுப்பு எடுங்கள். திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், பழைய கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொள்ளுங்கள். பாட்டிக்குக் காலைப் பலகாரம் கொடுத்து, மருந்தையும் கையோடு எடுத்துக்கொண்டு அழைத்துச் செல்லுங்கள். வரிசை நீளமாக இருக்கும்.