குளிருக்குச் சாப்பிடுகிறோமா, பசிக்கா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 41. குன்னூரில் அலுவலக வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். "காலையில் இட்லி மாவு புளிக்காத நாளில் பன்னோ, இங்கே கிடைக்கிற மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியோ டீயில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டு ஓடுகிறேன். மதியம் லெமன் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீயும் பஜ்ஜியும், வீட்டில் மறுபடி டீ, வர்க்கி. ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடுவதால் எவ்வளவு உள்ளே போனது என்றே தெரிவதில்லை. ரத்தச் சர்க்கரைக்கான எச்பிஏ1சி பரிசோதனையில் 6.0 வந்திருக்கிறது. டயட் சார்ட் எதுவும் நிலைக்கவில்லை. என்ன செய்யட்டும்?"

5.7 முதல் 6.4 வரை என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு செய்தே இங்கிருந்து இயல்பு நிலைக்குத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர், அதனால் பயப்படாதீர்கள், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். சார்ட் நிலைக்காததற்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்லவும் வேண்டாம். மலையில் இருக்கிற ஒருவரின் நாள் எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் எழுதிய சார்ட் எப்படி நிலைக்கும்?

முதலில் குளிர். மஞ்சு இறங்கினால் சூடாக ஏதாவது வேண்டும் என்று உடம்பு கேட்கும், நம் ஊரில் சூடு என்றால் டீ, டீ வந்தால் கூடவே வர்க்கி வரும். உடம்பு கேட்டது சூட்டை, நாம் கொடுத்தது மைதாவும் கொழுப்பும் சீனியும். இன்னொன்று, குளிரில் தாகம் சரியாகத் தெரியாது, அந்தத் தண்ணீர்க் குறைவும் சில நேரம் பசி மாதிரியே இருக்கும். நாலு மணிக்குக் கை பொட்டலத்தைத் தேடும்போது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு டம்ளர் சீரக வெந்நீர் குடித்துவிட்டுப் பத்து நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். அப்புறமும் பசித்தால், அவித்த கடலையோ சுண்டலோ கொடுத்தாலும் சாப்பிடுவேன் என்று தோன்றினால், அது பசிதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். வர்க்கிதான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றால் அது வயிறு கேட்பதில்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் நாலு மணிப் பசியில் பாதி நிஜப் பசி என்றே நினைக்கிறேன். லெமன் சாதமும் உருளைக்கிழங்கும் இரண்டுமே மாவுச்சத்து, பருப்போ பயறோ முட்டையோ எதுவும் இல்லை, அது மூன்று மணி நேரம் தாங்கினாலே பெரிது. மலையில் பயறு குறைந்துபோவதற்கு ஒரு காரணமும் உண்டு. உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கிற சூடு குறையும், 2,240 மீட்டரில் இருக்கிற ஊட்டியில் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலை லேசில் வேகாது, கேஸ்தான் தீரும். குக்கர் இதைச் சரிசெய்துவிடும். ஊறுவதும் குளிரில் மெதுவாகத்தான் நடக்கும் என்பதால் ராத்திரி கொதிநீர் ஊற்றி ஹாட்பாக்ஸில் மூடி வையுங்கள். பச்சைப் பட்டாணியும் அவரைக்கொட்டையும் கிடைக்கிற காலத்தில் இந்தக் கவலைகூட இல்லை. நீலகிரிப் படுகர் சமூகத்து வீடுகளில் அவரைக்கொட்டைக் குழம்பும் ராகிக் களியும் சாமைச் சோறும் இருந்தன, வர்க்கியும் பன்னும் பிறகு வந்து சேர்ந்தவை. அந்தத் தட்டை மறுபடி எடுத்துக்கொண்டாலே உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி தீரும்.

காலைக்கும் இதுதான் பதில். மாவு புளிக்கவில்லை என்பது இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற தொல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி அடுப்பு மேடை ஓரம் வைக்கலாம். புளிக்கவே தேவையில்லாத அடை, பச்சைப்பயறு தோசை, சாமை உப்புமா ஆகியவற்றுக்குப் போய்விட்டால் இன்னும் நல்லது, அடையிலும் பயறு தோசையிலும் புரதமும் சேர்ந்தே வந்துவிடும். அவசரமா, இரண்டு முட்டையை அவித்துக்கொண்டு கிளம்புங்கள்.

டீ. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்று வைத்தால் சுமார் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரைக்குச் சொல்கிற மேல் எல்லையே அவ்வளவுதான், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. நாட்டுச் சர்க்கரை போட்டாலும் கணக்கு மாறாது. டஸ்ட் டீயை நெடுநேரம் கொதிக்கவிட்டால் கசப்பு ஏறும், அந்தக் கசப்பை அமுக்கத்தான் இரண்டு ஸ்பூன் தேவைப்படுகிறது. சீக்கிரம் இறக்கி வடிகட்டுங்கள், ஒரு டீக்குப் போடுகிற சீனியை வாரம் அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கும்.

வர்க்கியை அடியோடு விடச் சொல்ல மாட்டேன், விட்டால் அதன் ஞாபகமே பெரிதாகிவிடும். வாரத்தில் இரண்டு நாள், ஒன்று மட்டும், தட்டில் வைத்து, உட்கார்ந்து, டீயில் நனைக்காமல் கடித்துச் சாப்பிடுங்கள். நனைத்தால் மெல்லாமலே இறங்கிவிடும், ஒன்று எப்போது மூன்றானது என்றே தெரியாது. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

ராத்திரி டிவியை அணைத்துவிடுங்கள், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போக ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகும், கண் திரையில் இருந்தால் அந்தச் செய்தி கவனத்துக்கே வராது. தட்டில் பாதி காய், முதலில் அதையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வாருங்கள், இந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறாது. கேரட்டும் பீட்ரூட்டும் இனிக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம், பொரியலாகச் சாப்பிடுகிற அளவில் ஒன்றும் ஆகாது. எட்டு மணிக்குள் முடித்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் நடங்கள், இருட்டியபின் ரோட்டில் காட்டெருமை நிற்கிற பகுதியாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே நடந்தால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்காதீர்கள். மதிய டப்பாவில் பயறு, ராத்திரி டிவி இல்லை, முதல் மாதத்துக்கு இந்த இரண்டு போதும். ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவராக இருந்தால் சாப்பாட்டு நேரத்தையோ அளவையோ பெரிதாக மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி என்பதால் மூன்று மாதம் ஆகும் முன் மறுபடி எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. எடுக்கும்போது ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.