வாசகர் கேள்வி – பதில்: கந்தமாதன பர்வதம்

கேள்வி: ராமேஸ்வரம் தல புராணத்தில் வரும் கந்தமாதன பர்வதம் எங்கே இருக்கிறது? கந்தன் பெயரால் வந்த மலையா? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: முருகனுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. 'சுகந்தம்' என்கிறோமே, அந்தக் கந்தம்தான் இது. மாதனம் என்றால் மயக்குவது. வாசனையால் கிறங்கடிக்கும் மலை என்று பொருள். தமிழில் கந்தன், கந்தம் இரண்டுக்கும் ஒரே 'க' என்பதால் வந்த வினை. 'கெந்தமாதனம்' என்று எழுதும் பழைய வழக்கமே மேல்.

பெயர் வடக்கிலிருந்து வந்தது. மகாபாரத வனபர்வத்தில் கந்தமாதனம் இமயத்து மலை. சௌகந்திக மலர் தேடிப் போன பீமன், வாலை நீட்டிப் படுத்திருந்த அனுமனைப் பார்ப்பது அங்கேதான். ஸ்கந்த புராணத்தில் ராமேஸ்வரத்தின் பெருமை சொல்லும் சேது மாகாத்மியம் என்ற பகுதி அதே பெயரை ராமேஸ்வரத்து மலைக்கும் சூட்டியது. திருச்செந்தூரில் வள்ளி குகை உள்ள சந்தன மலைக்கும் கந்தமாதனம் என்ற பெயர் உண்டு. அங்கே முருகனே குடியிருப்பதால் குழப்பம் இரட்டிப்பு!

இருப்பிடம்: ராமநாதசுவாமி கோயிலுக்கு வடமேற்கே, சுமார் 3 கி.மீ. வழியில் சாட்சி அனுமார் கோயில் வரும். ஆட்டோக்காரரிடம் 'ராமர் பாதம்' என்று சொல்லுங்கள். பர்வதம் என்றால் சிலர் விழிப்பார்கள். மலை என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். அது ஒரு மணல்மேடு. ஆனால் தீவிலேயே உயரமான இடம் அதுதான். உச்சியில் இரண்டடுக்கு மண்டபம். கீழ்த்தளத்தில் சக்கரத்தின் மேல் ராமர் பாதச் சுவடுகள். மேல்தளம் ஏறினால் கடலும், பனைகளுக்கு நடுவே கோயில் கோபுரமும் தெரியும். செருப்பைக் கழற்ற வேண்டும். உச்சி வெயிலில் படிக்கல் காலைச் சுட்டுவிடும். காலையிலோ, நாலு மணிக்கு மேலோ போங்கள்.

கேள்வி: ராமர் அங்கிருந்து இலங்கையைப் பார்த்தாராமே, நமக்கும் தெரியுமா? அனுமன் தாவியதும் அங்கிருந்துதானா? (தொண்டி வாசகி)

பதில்: இலங்கை கண்ணுக்குத் தெரியாது. தனுஷ்கோடி முனைக்கே கோயிலிலிருந்து சுமார் 20 கி.மீ. போக வேண்டும், அதுவும் தென்கிழக்கே, நேர் எதிர்த்திசையில். அதற்கப்பால் கடல் தாண்டித் தலைமன்னார் ஏறக்குறைய 30 கி.மீ.; அதுவும் தாழ்ந்த மணற்கரை. வழிகாட்டி கைநீட்டிக் காட்டுவது வெறும் தொடுவானம்தான்.

வால்மீகி சொல்வதோ மகேந்திர மலை. அனுமன் தாவியது அங்கிருந்து. வானரப் படைத்தலைவர்களில் ஒருவன் பெயர் கந்தமாதனன். மலையோடு அவனையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.