கேரல் பவனி எப்போது தொடங்கலாம்?

சகோதரி, அன்பியப் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழு) பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வீடு வீடாகக் கிறிஸ்து பிறப்புப் பாடல்கள் பாடிச் செல்லும் கேரல் பவனியை டிசம்பர் முதல் வாரமே தொடங்கலாமா, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் ஒவ்வொன்றாகத் திரி ஏற்றும் திருவருகை வளையத்துக்கு ரோஸ் மெழுகுதிரி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

மெழுகுதிரி விஷயம் எளிது. மூன்று ஊதா, ஒரு ரோஸ் என்பது மரபுதான்; நான்கும் ஊதாவாகவோ வெள்ளையாகவோ இருக்கலாம். வேண்டுமானால் ஒரு வெள்ளைத் திரியின் அடியில் ரோஸ் ரிப்பன் சுற்றி, மூன்றாம் ஞாயிறு ஏற்றுங்கள்.

பவனிக்குத்தான் யோசிக்க வேண்டும். இந்தத் திருவருகைக் காலம் கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் காலம். ஞாயிறு திருப்பலியிலேயே 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை. அப்போது தெருவில் டிரம்ஸ் அடித்து 'பிறந்தார்' என்று பாடுவது எனக்கு ஒட்டவில்லை. டிசம்பர் 17 முதல் 24 வரை திருவழிபாடே பிறப்பை நேராக நோக்கித் திரும்புகிறது. பவனியை அந்த நாள்களில் வையுங்கள். வீடுகள் அதிகமென்றால் பங்குத்தந்தையிடம் பேசி இரண்டு குழுவாகப் பிரியலாம். அதுவரை வாரம் ஒரு வீட்டில் திரி ஏற்றி, ஞாயிறு வாசகம், மன்றாட்டு, ஒரு பாட்டு. அரைமணி நேரம் போதும். வாசகத்தைச் சிறுவர்களுக்குக் கொடுங்கள்.

அப்புறம், இந்த வருடம் துக்கம் நடந்த வீடுகள். கேரல் வேண்டாம் என்று சொல்ல அவர்கள் தயங்குவார்கள். நீங்களே முன்கூட்டி நேரில் போய்க் கேளுங்கள். மேளம் இல்லாமல் நாலு பேர் போய், இறந்தவர் பெயரைச் சொல்லிச் செபித்து வந்தால் அவர்களுக்குப் பெரிய ஆறுதல். பவனிப் பாதை போடும் முன் அந்த வீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.