மேரா சிகரம் ஏறக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். மனைவியும் ஐந்து வயது மகளும் இருக்கிறார்கள். இன்னும் ஒன்றரை ஆண்டில் வரும் ஏப்ரல்-மே பருவத்தில் நேபாளத்தின் மேரா சிகரம் ஏற விரும்புகிறேன். பயண நிறுவனத்தின் கட்டணம், விமானம், கருவிகள் எல்லாம் சேர்த்து 3 லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறேன். ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் 1 லட்சம் இருக்கிறது, மாதம் 8,000 ரூபாய் ஒதுக்க முடியும். பற்றாக்குறைக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா, அல்லது அவசரகால நிதியாக வைத்திருக்கும் 2 லட்சத்திலிருந்து எடுக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் கணக்குப்படி 18 மாதங்களில் 1.44 லட்சம் சேரும், கையிருப்போடு 2.44 லட்சம்; குறைவது 56,000 ரூபாய்தான். இந்தத் தொகைக்குக் கடன் எளிதில் கிடைத்துவிடும் என்பதால்தான் யோசனை கவர்ச்சியாகத் தெரிகிறது. ஆனால் எனக்கு உறுத்துவது அந்த 56,000 அல்ல, நீங்கள் போட்டிருக்கும் 3 லட்சம். எல்லாம் திட்டமிட்டபடி நடந்தால் ஆகும் செலவு அது, மேராவிலோ எல்லாம் திட்டமிட்டபடி நடப்பது அபூர்வம்.

மேராவுக்கான நடைப்பயணம் தொடங்கும் மலையூரான லுக்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 527 மீட்டர் நீளமே உள்ள அந்த ஓடுபாதையில் வானம் தெளிவாக இருந்தால் மட்டுமே விமானம் இறங்கும், ஏறும். மேகம் மூடிவிட்டால் ஒரு நாளும் காத்திருக்க நேரலாம், நான்கு நாளும் காத்திருக்க நேரலாம். கூட்டம் மிகும் பருவங்களில் விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து அல்லாமல், அங்கிருந்து சாலை வழியாக நான்கைந்து மணி நேரம் தள்ளியிருக்கும் ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து புறப்படுகின்றன. திரும்பும் வழியில் மாட்டிக்கொண்டால் விடுதிச் செலவு, தவறவிட்ட அடுத்த விமானத்தின் கட்டணம், சம்பளமில்லா விடுப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பொறுமை இழந்தவர்கள் சேர்ந்து ஹெலிகாப்டர் பிடிக்கும்போது அதிலும் ஒரு பங்கு போட நேரும். மேலே, சிகரத்தின் அடிவாரக் குடியிருப்பான காரேயிலோ, 5,800 மீட்டரில் உள்ள உயர் முகாமிலோ காற்று அடங்கக் காத்திருக்கும் உபரி நாள் ஒவ்வொன்றுக்கும் வழிகாட்டிக்கும் சுமைதூக்குவோருக்கும் கூலி உண்டு. ஆகவே மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 60,000 ரூபாயை, தொடாத இருப்பாகச் சேர்த்து 3.6 லட்சத்தையே இலக்காக வையுங்கள்.

இந்த இருப்பின் முதன்மையான பயன், 6,476 மீட்டர் உச்சியைத் தொடாமல் திரும்பிவர உங்களுக்கு அது தரும் மனத்துணிவு. தலைவலியும் குமட்டலும் தொடங்கிய நிலையில், இறங்கிவிடலாம் என்று வழிகாட்டி சொல்லும்போது, ஊர் திரும்பியதும் கட்ட வேண்டிய தவணைகள் நினைவுக்கு வந்தால், அவரோடு வாதாடத்தான் தோன்றும். செலவழிந்த பணம் ஏறினாலும் இறங்கினாலும் திரும்பி வராது என்பதைச் சமவெளியில் உட்கார்ந்து ஒப்புக்கொள்வது எளிது, அந்த உயரத்தில் மூளைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காத அதிகாலையில் அது எளிதல்ல.

அவசரகால நிதியைத் தொட வேண்டாம் என்பதற்கும் காரணம் இதையொட்டியதே. ஏறத்தாழ மூன்று வாரம் நீங்கள் தொலைபேசி சரியாகக் கிடைக்காத பள்ளத்தாக்கில் இருப்பீர்கள். குடும்பத்துக்கு அந்தப் பணம் மிக அதிகமாகத் தேவைப்படக்கூடிய காலமே அதுதான். எடுப்பதை விடுங்கள், அந்தக் கணக்கை உங்கள் மனைவி தனியாக இயக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். கடவுச்சொல்லும் ஓடிபி வரும் எண்ணும் உங்களிடம் மட்டும் இருந்தால், அந்த 2 லட்சம் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

தேதி குறித்த செலவுக்கான பணம் பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது. ஃபண்டில் உள்ள 1 லட்சத்தை இப்போதே வைப்புநிதிக்கு மாற்றிவிடுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகள் என்றால், இப்போதைய விதிப்படி நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை என்பதால் உங்களுக்கு வரிச்சுமை வராது. மாதம் 8,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போடுங்கள். பயணத்தை ஓராண்டு தள்ளி வைத்தால் 30 மாதங்களில் 2.4 லட்சம் சேரும். பழைய 1 லட்சத்தையும் இரண்டுக்குமான வட்டியையும் கூட்டினால் 3.6 லட்சத்தை எட்டிவிடுவீர்கள். அவ்வளவு காத்திருக்க மனமில்லையென்றால், வசந்த காலத்தை விட்டுவிட்டு இலையுதிர் காலத்தைத் தேர்ந்தெடுங்கள்: நேபாள மலையேற்றச் சங்கத்தின் சிகர அனுமதிக் கட்டணம் அப்போது குறைவு, சேமிக்க ஆறு மாதமும் கூடுதலாகக் கிடைக்கும். மிச்சப் பற்றாக்குறையைக் கருவிச் செலவில் குறைக்கலாம். பனிக்கான இரட்டை அடுக்குக் காலணி, பனியில் வழுக்காமல் இருக்கக் காலணியில் மாட்டும் கூர்முனைச் சட்டமான கிராம்பான், தடித்த இறகு ஜாக்கெட் ஆகியவை காத்மாண்டுவின் தமேலிலும், ஓரளவு காரேயிலும் வாடகைக்குக் கிடைக்கின்றன; நடைக்கான சாதாரணக் காலணியை மட்டும் சொந்தமாக வாங்கி, மாதக்கணக்கில் போட்டுப் பழகுங்கள்.

நேபாள ரூபாய் நம் ரூபாயோடு 1.6 என்ற விகிதத்தில் பிணைக்கப்பட்டிருப்பதால் அங்கே கைச்செலவில் மாற்று விகித அச்சம் இல்லை. ஆனால் பயண நிறுவனங்கள் பெரும்பாலும் டாலரில்தான் விலை சொல்கின்றன. உங்கள் 3 லட்சம் எந்த நாளின் டாலர் மதிப்பில் கணக்கிடப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பெரும்பாலானவை மலையேற்றத்தை விலக்குகின்றன, அல்லது மேராவுக்கு மிகக் கீழேயே உயர வரம்பு வைக்கின்றன. 6,500 மீட்டர் வரை, கயிறும் கிராம்பானும் பயன்படுத்தும் ஏற்றத்துக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் பொருந்தும் என்று பாலிசி ஆவணத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், முகவரின் வாய்மொழி போதாது. நேபாளத்தில் தேவையில்லாத ஹெலிகாப்டர் மீட்புகளைக் காட்டிக் காப்பீட்டுப் பணம் கறக்கப்பட்டது 2018-இல் அரசு விசாரணை வரை சென்றது; அதன்பின் காப்பீட்டாளர்கள் கறாராக இருக்கிறார்கள். ஹெலிகாப்டரை அழைக்கும் முன் அவர்களின் அவசர எண்ணுக்குத் தகவல் போக வேண்டும் என்ற நிபந்தனையை உங்கள் வழிகாட்டியும் அறிந்திருக்கட்டும். உங்கள் ஆயுள் காப்பீட்டோடு இணைந்த விபத்துக் கூடுதல் காப்பில் (ரைடர்) சாகச விளையாட்டு விலக்கு இருக்கிறதா என்பதையும் படித்துப் பாருங்கள்.

முன்பணம் கட்டும் முன், பயண நிறுவனத்திடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: நீங்கள் ரத்து செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும், உபரி நாட்களின் செலவு யாருடையது, சுமைதூக்குவோருக்குக் காப்பீடு எடுக்கப்பட்டிருக்கிறதா. மூன்றாவதற்கு மழுப்பும் நிறுவனத்துக்கு, எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், பணம் கட்டாதீர்கள்.