கரட்டு மேல் பூக்காலம்: டீச்சரிடம் கேளுங்கள்

(பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்று, காங்கேயம் பக்கம் வசிக்கும் நம் பத்தியாளர், இந்த இதழில் காட்டுப்பூ பற்றிய கடிதங்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: டீச்சர், நாங்கள் ஐந்து தோழிகள். அமெரிக்காவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் வசந்த காலத்தில் தரையெல்லாம் பூவாகக் கிடப்பதை வீடியோவில் பார்த்தோம். பங்குனியில் ஒருநாள் நாமும் அப்படி நடக்கலாமா? நம்ம பக்கம் கரடும் கல்லும்தானே, பூ என்று ஏதாவது இருக்குமா?
கல்லூரி மாணவி, திருப்பூர்

பதில்: நிறையவே இருக்கிறது கண்ணு. ஆனால் பங்குனியில் போனால் அண்ணாந்து பார்க்க வேண்டும். தையில் போனால் குனிந்து பார்க்க வேண்டும்.

நீங்கள் பார்த்த அரிசோனா, கலிபோர்னியா பக்கத்தில் பசிபிக் கடலிலிருந்து வரும் மழை குளிர்காலத்தில் பெய்கிறது. அந்த ஈரத்தில் முளைத்த செடிகள் மாசி, பங்குனியில் பூக்கின்றன. நமக்குக் கணக்கு வேறு. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே நமக்குக் காற்றுதான் அதிகம் வருகிறது. உருப்படியான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதனால் நம் கரட்டில் தரைப்பூக்கள் கார்த்திகை முதல் தை வரை. கிளம்பும் முன் காலண்டரைப் புரட்டுவதைவிட, அந்த ஊரில் ஆடு மேய்ப்பவரிடம் கடைசியாக எப்போது மழை பேஞ்சது என்று கேளுங்கள்.

பங்குனியில் தரை காய்ந்துதான் கிடக்கும். அப்போது மரங்களின் முறை. வேம்பும் புங்கும் பூக்கும். வெட்பாலை வெள்ளைவெள்ளையாகப் பூத்து மல்லிகை போல மணக்கும். போன வருடத்துக் காய்கள் இரண்டிரண்டாக நுனி சேர்ந்து அதே மரத்தில் தொங்குவதையும் பார்க்கலாம். நுணாப்பூ வாசம் காற்று வாக்கில் முன்னாலேயே வந்துவிடும். பாறை மிகுந்த மலைச்சரிவுகளில் கோங்கிலவு ஓர் இலைகூட இல்லாமல் மஞ்சளாகப் பூத்து நிற்கும். சத்தியமங்கலத்து மலையடிவாரம் போனால் புரசு, அதுவும் இலையை உதிர்த்துவிட்டுச் செம்மஞ்சளாக. அந்த மரங்களைத் தூரத்திலிருந்தே, சாலையிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

எங்கே போவது என்று சொல்கிறேன். முதல் தடவைக்குச் சென்னிமலை படிக்கட்டு வழியே போதும். 1,320 படி. காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்குங்கள். மேலே போய்ச் சேருவதைப் பற்றி யோசிக்காமல், ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று கீழே என்ன உதிர்ந்திருக்கிறது என்று பாருங்கள். உதிர்ந்த பூவைப் பார்த்துத் தலைக்கு மேல் நிற்கும் மரத்தைத் தெரிந்துகொள்வதுதான் எனக்குப் பிடித்த பாடம். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம்.

அப்புறம் தை மாதம் ஒரு தடவை காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் கொரங்காட்டுக்கு வாருங்கள். இதைத் தரிசு என்று சொல்பவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். மேலே வெள்வேல் மரம், கீழே கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் முள்கிளுவை வேலி. காங்கேயம் மாடும் செம்மறியும் மேய, தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் வைத்துக் காப்பாற்றிய மேய்ச்சல் நிலம் அது. புல்லுக்கு இடையில் தும்பை, நெருஞ்சி, ஆவாரை, இன்னும் எத்தனையோ. பட்டா நிலம் என்பதால் தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். திறந்த படலை மறக்காமல் சாத்துங்கள். மாடு வெளியே போய்விட்டால் அவர்களுக்குத்தான் சிரமம்.

அங்கே ஒரு பூவுக்காக முட்டி போட்டு உட்காருங்கள். விஷ்ணுகிரந்தி. தண்டு தரையோடு படர்ந்திருக்கும். இலை, தண்டு எல்லாம் சாம்பல் நிறத்தில் பூனைமயிர் மூடியிருக்கும். ஒரு செண்டிமீட்டர்கூட அகலமில்லாத வட்டமான நீலப்பூ, நடுவில் கொஞ்சம் வெளுப்பு. நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. உட்கார்ந்ததும் ஒன்று தெரியும், பிறகு பக்கத்தில் இன்னொன்று, பிறகு அந்த மேடு முழுக்க நீலம். காலையில் விரிந்து, வெயில் ஏறி மதியம் தாண்டினால் சுருங்கிவிடும். சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் பத்து மணிக்குப் புறப்படுகிறோம் என்றால் பாதி பூவைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

கிளுவை வேலி ஓரம் முள்ளுக்கடியிலும் தேடிப் பாருங்கள். இலையே இல்லாத நாலுபட்டைத் தண்டாகக் கள்ளிமுளையான் நிற்கும். நுனியில் கருஞ்சிவப்புப் பூக்கள் கொத்தாக இருக்கும். மூக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், அழுகல் நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் ஈயைக் கூப்பிடத்தான். மகரந்தத்தைச் சுமந்து போக இந்தப் பூ ஈயை நம்பியிருக்கிறது.

எத்தனை கிலோமீட்டர் நடந்தோம் என்று கணக்கு வைக்காதீர்கள். ஐந்து பேர் ஒரு காலையில் அரை கிலோமீட்டர் நடந்தாலே நிறைய.

கேள்வி: அம்மா, என் மகன் அரிசோனாவில் வேலையில் இருக்கிறான். விடுமுறை வந்தால் சிநேகிதர்களோடு மலை இடுக்கு, பள்ளத்தாக்கு என்று பூப்பார்க்கப் போய்விடுகிறான். போட்டோ அனுப்புகிறான். சொட்டுத் தண்ணீர் இல்லாத கல்லுக்குள் அவ்வளவு பூ எப்படி வருகிறது? எனக்குப் பயமாகவும் இருக்கிறது.
ஓய்வுபெற்ற அரசு ஊழியர், ஈரோடு

பதில்: அய்யா, முதலில் பூவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாலைவனத்தில் பாதிச் செடிகள் விதையாகவே மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடப்பவை. லேசான தூறலுக்கு ஏமாறாது. பல விதைகளில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. அது கழுவிப்போகும் அளவுக்கு மண் நனைந்தால்தான் முளைவிடும். முளைத்தால் சில வாரங்களில் பூத்து, காய்த்து, விதையைக் கொட்டிவிட்டுப் போய்விடும். மழை தப்பிய வருடத்தில் அதே இடம் வெறும் கல்லாகக் கிடக்கும். 2005, 2016 ஆண்டுகளில் கலிபோர்னியாவின் டெத் வேலியில் அப்படித் தரை முழுக்கப் பூத்தது. அது எல்லா வருடமும் கிடைக்கும் காட்சி இல்லை.

நின்று வாழும் செடிகளும் உண்டு. பாலோ வெர்டே என்று ஒரு மரம், அரிசோனாவின் மாநில மரம். அதன் பட்டையே பச்சை. இலை உதிர்ந்தாலும் பட்டையை வைத்தே உணவு தயாரித்துக்கொள்ளும். வசந்தத்தில் மரம் முழுக்க மஞ்சள் பூ. தூண் மாதிரி நிற்கும் சகுவாரோ கள்ளி சித்திரை, வைகாசி வாக்கில் பூக்கும். வெள்ளைப்பூ இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலில் மூடிவிடும். நம் ஊர் சப்பாத்திக்கள்ளியின் சொந்தக்காரர்களையும் உங்கள் மகன் அங்கே பார்த்திருப்பார். சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். தென்னிந்தியாவில் காடு மேடெல்லாம் பரவிப்போய், 1926இல் இலங்கையிலிருந்து ஒரு வகைச் செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது.

இனி பயத்துக்கு வருகிறேன். பயம் நியாயமானது, மகனிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, குறுகலான பாறை இடுக்குக்குள் நுழையும் முன் அந்த இடத்து வானிலையை மட்டும் பார்த்தால் போதாது, மேலே மலைப்பக்கம் மழை உண்டா என்றும் பார்க்க வேண்டும். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் எங்கோ தூரத்தில் பெய்த மழை வெள்ளமாக வந்து 11 பேரைக் கொண்டுபோனது. நம் பள்ளங்களும் அப்படித்தானே? மேற்கே மேகம் கறுத்தால் பள்ளத்தைக் கடக்காதே என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதற்குத்தான். இரண்டு, தண்ணீர். கையில் இருப்பதில் பாதி தீர்ந்தால் திரும்பிவிட வேண்டும், பூ இன்னும் பார்க்கவில்லை என்றாலும் சரி. மூன்று, போட்டோவுக்காகப் பாதையை விட்டு இறங்கக் கூடாது. அந்த மண்ணின் மேல் கருப்பாக மொரமொரவென்று ஒரு தோல் இருக்கும். பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து கட்டிய உயிருள்ள மேல்மண் அது. மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைப்பது அதுதான். ஒரு கால்தடம் பட்டால் மறுபடி தேற வருடங்கள் ஆகும்.

கேள்வி: மாயாற்றுப் பள்ளத்தாக்கில் நண்பர்களோடு இறங்கி நடக்க வழி உண்டா?
வாசகர், கோபி

பதில்: இல்லை தம்பி. அது புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது, யானைக் காடு. பாறுக் கழுகுகள் கூடு கட்டி வாழும் மிகச் சில இடங்களில் ஒன்று. அந்த மிச்சத்தை நாம் தொந்தரவு செய்யக் கூடாது. கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்குப் போங்கள். தெங்குமரஹாடா ஊரும், வளைந்து போகும் ஆறும், அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் தெரியும்.

காட்டுக்குள் நடக்கத்தான் வேண்டும் என்றால், தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். கோடைத் தீக்காலத்தில் பாதைகளை மூடினால் வருத்தப்படாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மாட்டி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் நம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து போனவர்களும் உண்டு. காய்ந்த புல்லில் தீ ஓடும் வேகத்துக்கு யாராலும் ஓட முடியாது.

கேள்வி: சின்ன வயதில் பொங்கல் முடிந்ததும் பூப்பறிக்கிற நோம்பிக்குத் தோழிகளோடு கரட்டுக்குப் போவோம். இப்போது பேத்தி, பூவைப் பறிப்பது தப்பு பாட்டி என்கிறாள். அவள் சொல்வது சரியா?
வாசகி, பெருந்துறை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காட்டுப்பூ பார்க்கத் தோழிகள் கூட்டமாக நடப்பதை நாம் வீடியோ பார்த்துக் கற்க வேண்டியதில்லை. புதுப்பாவாடை கட்டி, கரும்பும் முறுக்கும் ஒப்புட்டும் கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டு, ஆவாரம்பூ பறித்துக் கும்மியடித்துவிட்டு வரும் அந்த ஒரு நாள் கொங்குப் பெண்களுடையது. மழை முடிந்து கரடு பூத்து நிற்கும் மாதம் பார்த்துத்தான் நோம்பியும் வருகிறது.

பேத்தி சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆவாரை பரவலாக வளர்வது, மறுபடி மறுபடி பூப்பது. ஒரு கூடை பறித்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது. கொத்தில் மொட்டை விட்டுவிட்டு விரிந்ததை மட்டும் கிள்ளுங்கள், கிளையை ஒடிக்க வேண்டாம். செங்காந்தளைக் கண்டால் தொடாமல் வாருங்கள். கிழங்கில் கொல்லும் விஷம் இருக்கிறது. மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று மருந்துக்காகப் பயிரிடுவது இதைத்தான். காட்டில் தானாக வளர்வது குறைந்துகொண்டே போகிறது.

பறிப்பதற்கு முன்னால் பேத்தியை ஆவாரஞ்செடி பக்கத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள். கருவண்டு வரும். பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் குழாய் போன்ற பைக்குள் பூட்டி வைத்தது. நுனியில் சின்னத் துளை. வண்டு பூவைக் கட்டிப் பிடித்து, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவிடும். பறக்கும்போது கேட்கும் சத்தத்தைவிட அந்தச் சத்தம் கூர்மையாக இருக்கும். அந்த அதிர்வில் துளை வழியே மஞ்சள் பொடி தெறித்து வண்டின் வயிற்றில் அப்பிக்கொள்ளும். காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம்.

கேள்வி: கரட்டில் நடக்க என்ன செருப்பு போடலாம், பாம்பு பயம் உண்டா?
வாசகர், தாராபுரம்

பதில்: செருப்பு வேண்டாம், குதிகால் மூடிய ஷூ போடுங்கள். கல் இடுக்கில் சுருட்டை விரியன் சுருண்டு கிடக்கும், சின்னப் பாம்புதான், விஷம் அதிகம். கை வைக்கும் இடத்தையும் உட்காரும் கல்லையும் பார்த்துவிட்டு வையுங்கள், கல்லைப் புரட்டாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் கூடாது. 108க்குக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பாறையில் மலைத்தேனீ அடை தொங்கினால் சென்ட் வாசனை, புகை, ஸ்பீக்கர் பாட்டு எதுவும் வேண்டாம், சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர்.